மூன்று தண்ணீரில் அலம்பிய கரி

சேஷகிரி வீட்டுப் பசுக்களுக்கெல்லாம் ஆற்றுப் பெயர். நீர்ப்பாசன இலாகாவில் முப்பத்து மூன்று வருஷம் வரைபடம் போட்ட மனிதர் வேறென்ன பெயர் வைப்பார்? துங்கா, பத்ரா, ஹேமாவதி, கபினி. ஓய்வு பெற்ற கையோடு மல்லேஸ்வரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வைட்ஃபீல்டைத் தாண்டி எப்போதோ வாங்கிப் போட்டிருந்த இரண்டு ஏக்கரில் ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டு அவரும் மனைவி பாமாவும் குடிவந்தார்கள். மேய்ச்சல் நிலம் என்று பெயர்தான். முன்பு தைலமரம் நின்ற செம்மண் மேடு அது. மழைக்காலத்தில் இரண்டு மாதம் புல் தலைகாட்டும். மார்கழி முடிவதற்குள் தரை செங்கல்லாக இறுகிவிடும்.

அந்த மேட்டில் ஓர் இடம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதைப் பாமா கண்டுபிடித்தாள் என்பதைவிட, துங்கா கண்டுபிடித்தது, பாமா பின்னாலேயே போனாள் என்பதுதான் சரி. காலையில் அவிழ்த்துவிட்டால் துங்கா அக்கம்பக்கம் பார்க்காமல் நிலத்தின் நடுவே ஒரு வட்டத்துக்குப் போய் நிற்கும். நெல் அடிக்கிற களம் அளவு வட்டம். சுற்றிலும் எல்லாம் தீய்ந்து கிடக்கும் பங்குனியில்கூட அதற்குள் வாய்க்கு ஒரு பிடி பச்சை இருக்கும்.

பாமா ஒரு நாள் களைக்கொத்தோடு போய் அந்த இடத்தைக் கிளறினாள். முழங்கை ஆழத்துக்கு மண் கறுப்பாக இருந்தது. கையில் எடுத்தால் ஈரம். அழுத்தினால் புட்டாக உதிர்ந்தது. நடுநடுவே சுண்டுவிரல் நகம் போலக் கரித்துண்டுகள். மாடுகளைப் பார்த்துக்கொள்ள வரும் தனக்கோடிதான் கதையைச் சொன்னாள். நிலத்தை முன்பு வைத்திருந்தவன் தைலமரங்களை வெட்டி, அந்த இடத்திலேயே மூட்டம் போட்டுக் கரி சுட்டானாம்.

"எப்போடி?"

"என் கல்யாணத்துக்கு முந்தி. இருவது வருசம் இருக்கும்மா. பொகை எங்க ஊட்டு வரைக்கும் வரும்."

பாமா ஒரு தட்டு நிறைய அந்த மண்ணை எடுத்து வந்து, சேஷகிரியின் மேஜைமேல் வைத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள். எதையும் மேஜைமேல் வைத்துத்தான் பேசுவாள்.

"ஏன்னா, இதப் பாருங்கோ. இருபது வருஷ மழையில கரையல. வெயில்ல மக்கல. மாடு போடறது, பெய்யறது எல்லாத்தையும் உள்ள பிடிச்சு வெச்சுண்டு, புல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துண்டிருக்கு. இந்த ரெண்டு ஏக்கரும் இப்படி ஆச்சுன்னா?"

"ரெண்டு ஏக்கரையும் கொளுத்தணும். ஃபயர் சர்வீஸ் வரும்."

"கொளுத்த வேண்டாம். கரி வாங்கிப் போடலாம்."

"கரியா? பார்க்கறவா என்ன நெனைச்சுப்பா?"

"பார்க்கறவாளுக்கு மாடு இருக்கா என்ன?"

லிங்கராஜபுரத்தில் யூஜின் என்பவனுக்குக் கரிக்கடை இருந்தது. பேக்கரிகளுக்கும் இஸ்திரி வண்டிக்காரர்களுக்கும் கரி போடுகிறவன். மூட்டையின் அடியில் தங்கும் தூளை யாரும் சீந்தமாட்டார்கள். கடையின் பின்புறம் அது ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதுதான் வேண்டும் என்று பாமா போய் நின்றபோது யூஜின் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஆன்ட்டி, தூள் போடாதேன்னுதான் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. நீங்க தூளே வேணும்ங்கறீங்க. பல்லு வெளக்கவா?"

"மாட்டுக்குப்பா."

"மாடு பல்லு வெளக்குதா?"

"என் மாடு எல்லாம் பண்ணும். டெம்போ அனுப்பறியா, இல்லியா?"

டெம்போ வந்தது. மாதம் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. பாமா அதை நேரே நிலத்தில் போடவில்லை. கொட்டிலில் பசுக்களின் காலடியில், வைக்கோலுக்குக் கீழே ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினாள். பசுக்கள் அதன்மேல் நின்றன, படுத்தன, பெய்தன. வாரம் ஒருமுறை அதை அள்ளிப் பின்னாலிருந்த குழியில் போட்டுவிட்டுப் புதுக்கரி பரப்புவாள். இப்படி ஒரு வருஷம்.

"கரிக்குப் பசி ஜாஸ்தி," என்பாள். "வெறும் வயித்தோட நிலத்துக்குப் போச்சுன்னா புல்லோட சாப்பாட்டைப் பிடுங்கித் தின்னுடும். முதல்ல கொட்டில்ல சாப்பிடட்டும்."

சேஷகிரி இதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். காபி குடிக்கும்போது கேட்டார். பேப்பர் படிக்கும்போது கேட்டார். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் சித்திரையில், மகள் நிருபமாவின் இரண்டாவது பிரசவத்துக்காகப் பாமா மைசூருக்குப் போனாள். திரும்பி வர ஐம்பது நாள் ஆகும். போகும்போது, "மழைக்கு முந்தி குழியில இருக்கறதை நிலத்துல போட்டுடணும். நான் வரதுக்குள்ள மழை வந்துடும் போலிருக்கு. தனக்கோடிக்குத் தெரியும், சும்மா அவளை விட்டுடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சும்மா விடத்தான் அவருக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க மசி தொட்ட பிரஷ்ஷை மூன்று தண்ணீரில் அலம்பி வைத்த கை அது. முதல் தண்ணீர் கறுப்பு, இரண்டாவது சாம்பல், மூன்றாவது கண்ணாடி. மூன்றாவது தண்ணீர் தெளியாமல் பிரஷ்ஷைக் கீழே வைக்கமாட்டார். அதற்கு மேல் மடி, ஆசாரம். குழியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்ததும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இந்தச் சாக்கடையையா நிலத்துல போடறது?"

"அம்மா அப்படியேதான் போடச் சொல்லிச்சுங்க ஐயா," என்றாள் தனக்கோடி.

"அவ அவசரத்துல சொல்லியிருப்பா. இதுல மொளைக்கற புல்லைத்தானே பசு திங்கும்? அந்தப் பாலைத்தானே பெருமாளுக்கு நைவேத்யம்னு கைகாட்டறோம்? கரி சுத்தமாத்தான் இருக்கணும். தொட்டியில தண்ணி விடு."

"கரியைக் கழுவறதா? ஊருல கேட்டா சிரிப்பாங்க."

"ஊருக்கு நீ சொல்லாம இரு."

நான்கு கூலியாட்களை வைத்து ஒன்பது நாள் அலம்பினார். கூடை கூடையாகச் சிமெண்டுத் தொட்டியில் அமிழ்த்தி, கலக்கி, வடித்து, மறுபடி அமிழ்த்தி. முதல் தண்ணீர் டிகாக்ஷனாக ஓடியது. மூன்றாவது தண்ணீரில் முகம் பார்க்கலாம். வடிந்ததெல்லாம் தொட்டியின் வாயிலிருந்து நிலத்தின் ஓரமாகவே ஓடி, கீழ்க்கோடியில் ஹொங்கே என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் புங்கமரத்தடியில் போய்த் தேங்கியது. கரியைப் பாயில் உலர்த்தி, சலித்தார். பிறகு பழைய அளவுச் சங்கிலியைத் தேடி எடுத்து, முப்பது அடிக்கு ஒரு முளை அடித்தார். தொண்ணூற்றாறு கட்டம். கட்டத்துக்கு இத்தனை கூடை என்று தாமே நின்று இறைத்து, மேலாகக் கிளறவும் செய்தார். முடிந்தபோது அந்த மேடு விரித்து வைத்த கிராஃப் தாளாக இருந்தது. பாமா வந்து பார்க்கட்டும் என்று முளைகளைப் பிடுங்காமல் விட்டுவைத்தார்.

ஆனி பிறந்து பாமா வந்தாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை, நேரே நிலத்துக்குப் போனாள். இரண்டு மழை பெய்திருந்தது. புல் முளைத்திருந்தது. ஆனால் ஒரு சாண்கூட இல்லை. மஞ்சள் காமாலை கண்ட மாதிரி வெளுத்து, நூலாக நின்றது. பாமா குனிந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள், முகர்ந்தாள்.

"வாசனையே இல்லையே. என்ன பண்ணேள்?"

"அலம்பினேன்," என்றார் சேஷகிரி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "மூணு தண்ணி."

அவள் கரித்துண்டைக் கீழே போட்டாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"லோகத்துல கரியை அலம்பின ஒரே மனுஷர் என் ஆத்துக்காரர்தான். ஒரு வருஷ சாப்பாட்டை மூணு தண்ணியில கரைச்சு விட்டேளே."

அப்போதுதான், கேட்டும் கேட்காமலும் விட்ட அந்தப் பத்துத் தடவையும் ஒன்றாகச் சேர்ந்து அவருக்குக் கேட்டது. வெறும் வயித்தோட போச்சுன்னா பிடுங்கித் தின்னுடும்.

"திரும்ப அள்ளிடலாமா?"

"மண்ணோட கலந்ததை எப்படி அள்ளுவேள்? விடுங்கோ. பார்க்கலாம்."

பார்க்க அவளுக்கு நாள் இல்லாமல் போயிற்று. ஆடியில் வயிற்றுவலி என்று படுத்தாள். ஆவணியில் ஆஸ்பத்திரி. டாக்டர்கள் சேஷகிரியைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒவ்வொரு நாளும் அவர் இரண்டு பஸ் மாறிப் போய்க் கட்டிலருகே உட்காருவார். அவள் தினமும் ஒன்றைத்தான் கேட்பாள்.

"புல் வந்துதா?"

"வந்துண்டிருக்கு," என்று மழுப்புவார். மேட்டில் மஞ்சள் நூல் அப்படியேதான் இருந்தது. வட்டத்தில் மட்டும் பச்சை. மாடுகள் மத்தியானமே விலா ஒட்டிக் கத்திக்கொண்டு திரும்பின. வண்டி வைக்கோல் வாங்கிப் போட்டார். புரட்டாசி பிறந்த நான்காம் நாள் அவள் அதே கேள்வியைக் கேட்டபோது, அவள் கை அவர் கையில் இலை கனம்கூட இல்லை.

"வந்துடுத்து," என்றார்.

"பச்சையா?"

"கரும்பச்சை. துங்கா நின்னா முட்டி தெரியல."

கால் அங்குலம் பிசகினாலும் தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி வரைந்த மனிதர். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு கோடு பொய்யாகப் போட்டதில்லை. பாமா கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்ததும் நிருபமா மைசூருக்குக் கூப்பிட்டாள். "தனியா எதுக்குப்பா? மாட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடுங்கோ." அவர் தலையாட்டினார். ஆடுகோடியிலிருந்து ஒரு பால்காரன் வந்து பார்த்துவிட்டு, தை அமாவாசை கழித்து ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். மாடு போவது அவரை அறுக்கவில்லை. சொன்ன சொல்தான் அறுத்தது. கடைசியாக அவளிடம் பேசிய பேச்சு பொய். மாடும் போய்விட்டால் அந்தப் பொய் அப்படியே நின்றுவிடும்.

தை மாதம் ஒரு காலை, வேலியைத் தாண்டிவிட்ட கபினியைத் தேடிக்கொண்டு, மாடுகளை விடாத ஹொங்கே மரத்து ஓரத்துக்குப் போனார். மேடு முழுக்கக் காய்ந்து செங்கல்லாகக் கிடந்தது. மரத்தடியில் மட்டும் கபினி கழுத்து வரை பச்சைக்குள் நின்றுகொண்டிருந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். தொட்டியின் வாயிலிருந்து தொடங்கி, ஒரு முழ அகலத்தில் ஒரு பச்சைக் கோடு. மண்மேட்டில் முட்டி வளைந்து, கல்லைச் சுற்றிக்கொண்டு, சரிவில் அகன்று, மரத்தடியில் குளமாக விரிந்திருந்தது. தண்ணீர் போன வழி. எட்டு மாதத்துக்கு முன் அவர் கொட்டிய மூன்று தண்ணீரும் எந்தெந்த அங்குலத்தில் ஓடியதோ அந்தந்த அங்குலத்தில் புல்லாக எழுந்து நின்றது. ஆயுள் முழுக்க அவர் போட்ட எந்த வரைபடத்திலும் நீர் தன் வழியைத் தானே இவ்வளவு சுத்தமாக வரைந்ததில்லை.

அதைப் பார்க்கப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது. இவ்வளவு இருந்ததா அந்தக் குழியில்? இவ்வளவையா அலம்பிவிட்டோம்?

கொட்டிலுக்கு வந்தவர் தனக்கோடியிடம், "அடுத்த வாரம் அவன் வரான். மாட்டுக்குக் கழுத்து மணியெல்லாம் கழட்டி வெச்சுடு," என்றார்.

தனக்கோடி சாணிக்கூடையைக் கீழே வைத்தாள். "மாட்ட விக்க உடாதேன்னு அம்மா சொல்லிட்டுப் போச்சு."

"எப்போ?"

"ஆஸ்பத்திரிக்கு நான் பாக்கப் போனேனே, ஒரு நாயித்துக்கிழமை. நீங்க சொன்னதுக்கு மறுநாளு. 'உங்க ஐயா புல்லு முட்டிக்கு மேல வந்துடுச்சுன்றாரு தனக்கோடி, பொய்யி. சொல்றப்பவே காது செவந்து போச்சு'ன்னு சிரிச்சுது."

சேஷகிரியின் கை அவரை அறியாமல் காதுக்குப் போயிற்று.

"தெரியுமா அவளுக்கு?"

"தெரியாமயா? 'கரி எங்க பூடும், மண்ணுக்குள்ளதான கீது. அதும் பசி ஆறட்டும். மாடு மேஞ்சா ஆறும். அதுவரைக்கும் விக்க உடாதே'ன்னுச்சு."

"ஏன் இத்தனை நாள் சொல்லல நீ?"

"கரி கழுவறப்பவும்தான் சொன்னேன். காது குடுத்தீங்களா?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "மாடு மேயறதுக்கு அங்க புல்லே இல்லையே. எப்படிப் பசி ஆறும்?" என்று கேட்டார். இந்தத் தடவை பதிலுக்குக் காத்திருந்தார்.

"மேயாட்டி என்னா? படுக்கச் சொல்லுங்க. எங்க ஊருல ஆட்டுக்கிடை போடுவாங்க. ராத்திரிக்கு ஒரு எடம்னு மந்தையைப் படுக்க வெச்சா அந்த எடத்துக்கு எரு வேற வேணாம். நம்மகிட்ட நாலு மாடு கீது."

ஆடுகோடிக்காரனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். மூங்கில் தட்டிகள் வாங்கினார். பழைய முளைகள் பாதி செல்லரித்திருந்தன. சங்கிலியை எடுத்து மறுபடி அளந்து அடித்தார். தொண்ணூற்றாறு கட்டம், தொண்ணூற்றாறு ராத்திரி. சாயங்காலம் நான்கு ஆறுகளையும் ஒரு கட்டத்துக்குள் ஓட்டி, வைக்கோல் போட்டு, தட்டியை மூடுவார். விடிந்ததும் போய்த் தட்டியைப் பிரிப்பார். தரை ஈரமாகி, நாறும். அந்த நாற்றத்தைக் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு மசியில் ஒரு புள்ளி வைப்பார். பிரஷ்ஷை அலம்புவார், இப்போது ஒரே தண்ணீரில்.

சாணத்தை மண்ணுக்குள் இழுத்துப் போகும் வண்டுகள் எங்கிருந்தோ வந்தன. இரண்டாம் நாள் பார்த்தால் சாணத்தின் கீழே சல்லடைக் கண்ணாகத் துளைகள். ஒரு துளைக்குள் அவர் ஈர்க்கை விட்டுப் பார்த்தார். முக்கால் அடி போயிற்று. யாரும் கூலி கொடுக்காமல், சங்கிலி பிடிக்காமல், இத்தனை ஆழத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது.

கடைசிப் புள்ளி வைத்த வாரத்தில் மழை இறங்கியது. வைகாசியில் புல் முளைத்தது. ஆனியில் சாண் ஆயிற்று. மஞ்சள் இல்லை. அவர் நம்பாமல் தினமும் போய்ப் பார்த்தார். ஒரு காலை ஒரு கொத்தைப் பிடுங்கியபோது வேரோடு கரித்துண்டுகளும் கூடவே தொங்கிக்கொண்டு வந்தன. உதறினால் விழவில்லை. வரைபடம் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, மிளகு அளவு கரி ஒன்றை நகத்தால் இரண்டாக உடைத்து, கண்ணாடியை அதன்மேல் பிடித்தார்.

கரிக்குள் வேர் ஓடியிருந்தது. கறுப்புக்குள் வெள்ளையாக, முடியைவிட மெல்லியதாக ஒரு கால்வாய். அது இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி பிரிந்து, கிளைக்கால்வாய், அதிலிருந்து வயல்வாய்க்கால். மரமாக இருந்தபோது நீர் ஏறிய குழாய்களெல்லாம் நெருப்பில் வெந்தும் அப்படியே திறந்திருந்தன. அவற்றின் வழியாகத்தான் வேர் நுழைந்திருந்தது. ஒரு மிளகுக்குள் ஒரு பாசனத் திட்டமே. சேஷகிரி மண்ணில் மண்டியிட்டபடி அதைப் பார்த்தார். வேட்டியெல்லாம் சேறு. காலின் கீழே இரண்டு ஏக்கரிலும் இப்படி எத்தனை மிளகு என்று எண்ணப் பார்த்து, எண்ண முடியாமல் விட்டார். தான் அலம்பிய கரிதான் இது. மண் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

புரட்டாசியில் பாமாவின் முதல் வருஷத் திதி, வருஷாப்திகம், வந்தது. நிருபமா குழந்தைகளோடு வந்திருந்தாள். சமையலும் ஹோமமும் ஆயிற்று. பசுவுக்கு ஒரு பிடி புல் கொடுத்துவிட்டு வந்தால்தான் மேலே நடக்கும் என்றார் சடங்கு நடத்திவைக்க வந்த வாத்தியார். கடையில் அகத்திக்கீரை வாங்கி வரட்டுமா என்று நிருபமா கேட்டாள். சேஷகிரி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஈர வேட்டியோடு மேட்டுக்கு நடந்தார். வழியிலேயே குனிந்து ஒரு பிடி அறுத்துக்கொண்டார்.

துங்காவின் முன் நீட்டினார். துங்கா முகர்ந்தது. மூச்சு விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வாங்கிக்க மாட்டேங்கறதே," என்றார் வாத்தியார் கவலையோடு. "வேற மாட்டுக்கிட்ட காட்டும்."

பத்ரா படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது, எழுந்திருக்கவில்லை. ஹேமாவதி நாக்கால் ஒரு தடவை நக்கிவிட்டு விட்டுவிட்டது. கபினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன ஓய் இது? பித்ரு காரியத்துல பசு முகத்தைத் திருப்பிக்கலாமோ?"

தட்டிக்கு அப்பால் நின்ற தனக்கோடி வாயைப் பொத்திக்கொண்டு, "வயிறு ரொம்பிப் போச்சு சாமி. விடிகாலையிலேந்து தின்னுதுங்க. எங்க போய் வெச்சுக்கும்?" என்றாள்.

சேஷகிரி நீட்டிய கையை மடக்காமல் துங்காவைப் பார்த்தார். தலை, திமில், புடைத்த வயிறு, தொடை. அதற்குக் கீழே புல். பார்வை மெல்லக் கீழே போயிற்று. முட்டி தெரியவில்லை.

"மத்தியானம் வெயில் சாய்ஞ்சா பசிக்கும்," என்றார். "இருப்போம்."

"அதுவரைக்கும் யாரும் சாப்பிட முடியாதே ஓய்."

"பரவாயில்லை. இருப்போம்."

போன வருஷம் ஆனியில் பாமா உட்கார்ந்து சிரித்த அதே வரப்பில், புல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாத்தியாரும் வேறு வழியில்லாமல் மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நிருபமா குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் ஒரு மாட்டுக்குப் பசி வரக் காத்திருந்தார்கள்.